தையல்காரரின் பிளேடு

நல்ல சவரத்துக்கு முக்கியம் கத்தி இல்லை சார், வெந்நீர்தான். சுடுதண்ணீரில் பிழிந்த துண்டை இரண்டு நிமிடம் முகத்தில் போட்டு வைத்தால் எந்த முரட்டுத் தாடியும் பணிந்துவிடும். கத்தி அதற்குப் பிறகுதான்.

கத்தியைப் பற்றி நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடமும் தீட்டி வைத்துக்கொள்ளும் முழுக்கத்திதான் இருந்தது. அதை ஆளுக்கு ஆள் கொதிக்கவைத்து எடுக்க எந்தக் கடையிலும் நேரம் கிடையாது. அதனால் பிளேடு மாற்றுகிற கத்திக்கு வந்தேன். புதுப் பிளேடை உட்கார்ந்திருப்பவர் கண்ணெதிரே உறையோடு இரண்டாக உடைத்து, பாதியைச் செருகுவேன். வேலை முடிந்தால் அது தகர டப்பாவுக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான்.

கடையில் இரண்டு நாற்காலி. இரண்டாவது என் தங்கை புருஷனுடையது. தங்கைக்கு அவரைப் பார்த்துக் கட்டிவைத்ததே நான்தான். மாப்பிள்ளை வாயைத் திறந்தால் கடையே சிரிக்கும். என் நாற்காலி காலியாக இருந்தாலும் அவர் கை ஒழியட்டும் என்று பெஞ்சில் காத்திருப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

வருத்தம் வேறு. அவர் ஒரே பிளேடில் மூன்று பேர், நான்கு பேர் என்று ஓட்டுவார். எதிர்க் கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரியும். தனியாகக் கூப்பிட்டுப் பலமுறை சொன்னேன். ஒரு நாள் கடை நிறைய ஆள் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "விடுங்க மச்சான். கண்ண மூடிச் சாஞ்சிருக்கிறவருக்கு எது புதுசு, எது பழசுன்னு தெரியவா போகுது?" என்றார். பிறகு பெஞ்சைப் பார்த்து, "எங்க மச்சான் தண்ணியையே கழுவிட்டுத்தான் குடிப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருடைய வாடிக்கையாளர்களில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது, ரத்தத்தில் வந்த கிருமி என்று கேள்விப்பட்டேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கடையைச் சுத்தமாக வைத்திருப்பது என் பொறுப்பு. மாப்பிள்ளையை அனுப்பினால் தங்கை குடும்பம் தெருவில் நிற்கும். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமைகளில் என்னிடம் ஒரு தையல்காரர் வருவார். அவருக்கும் அதே கிருமி. முதல் நாளே தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டார். சவரம் முடிந்ததும் பிளேடைத் தானே வாங்கி, துணி வெட்டும் பழுப்புக் காகிதத்தில் மடித்து, மேலே 'தொட வேண்டாம்' என்று பென்சிலில் எழுதித் தருவார். "பாத்துப் போட்டுடுங்க அண்ணே. யாருக்கும் ஒண்ணு ஆயிடக் கூடாது" என்பார். அவ்வளவு நல்ல மனுஷர்.

ஞாயிறு காலை கடை திறக்கும் முன் நானும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொள்வோம். தபால்காரர் சேதி கேட்ட வாரத்து ஞாயிறு முதல் மாப்பிள்ளைக்குத் தையல்காரரின் பிளேடைப் போட்டேன். தாடைக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல், கொசு கடித்த அளவுதான். வழக்கமாக வைக்கும் படிகாரத்தை வைக்கவில்லை. அவர் சொன்னது சரிதான். சாய்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவர் சவரம் செய்தபோது மட்டும் என் பிளேடை நானே உடைத்துக் கொடுத்தேன்.

ஆறாவது வாரம் தபால்காரரின் மகனைக் கடைத்தெருவில் பார்த்தேன். அப்பாவுக்கு அந்தக் கிருமி பதினைந்து வருஷமாகவே இருந்ததாம், ஏதோ ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்றியதில் வந்ததாம். நம் கடைக்கே அவர் வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஆனாலும் மாப்பிள்ளை செய்தது தப்புதானே. இன்னும் ஐந்து வாரம் செய்தேன். எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

நாலாவது மாதம் மாப்பிள்ளையின் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தினமும் போய் உட்கார்ந்தேன், கஞ்சி ஊட்டினேன். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் மச்சான். பழைய பிளேட மாத்துறப்ப எத்தன தடவ விரல கிழிச்சிருப்பேன். என் புத்தி." நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். கடைசியில் அவருக்குப் புரிந்துவிட்டது என்ற நிம்மதி எனக்கு இருந்தது.

தங்கை அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது. இதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். குழந்தை பிறந்ததும் ஊசி போட்டிருக்கிறார்கள், தப்பித்ததா இல்லையா என்று வருஷம் முடிந்தால்தான் சொல்ல முடியுமாம்.

குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள், மாப்பிள்ளையின் சீப்பு வேண்டும் என்று தங்கை கடைக்கு வந்தாள். நான் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். தவறிப்போய் என் இழுப்பறையைத் திறந்துவிட்டாள். உள்ளே பதினொரு பழுப்புக் காகிதம், மடிப்புக் கலையாமல். காகிதத்தைத் தரையில் போட எனக்கு மனசு வராது. தையல்காரர் வீடு அவளுக்குப் பழக்கம், அவருக்கு இருக்கும் கிருமியும் தெரியும், கையெழுத்தும் தெரியும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

"பிளேடெல்லாம் எங்கண்ணே?"

நான் வெந்நீரை இறக்கி வைத்தேன். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. காகிதங்களை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவள் கொடுத்த புகாரில் எல்லாமே உண்மைதான் சார், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடம். 'அசுத்தமான முறையில் சவரம் செய்து' என்று எழுதியிருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். பதினொரு ஞாயிறும் மாப்பிள்ளை முகத்தில் கை வைக்கும் முன், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன்.