ஆறாத உருளை

கிளிநொச்சியில் வாடகை வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது. எனக்குக் கிடைத்தது. அதனால்தான் வெளிநாட்டில் வேலை வந்தும் நான் போகவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

பொறியியல் மாணவர்களுக்குப் படிப்பித்துக்கொண்டே விண்கலங்களுக்கான மின்பிறப்பாக்கி ஒன்றை வடிவமைத்துவந்தேன். சூரியனை விட்டு வெகுதூரம் போகும் கலத்துக்கு வெயில் உதவாது. கதிரியக்கப் பொருள் தானாகவே சூடாகும். அந்தச் சூட்டை மின்சாரமாக்குவதுதான் என் கருவியின் வேலை. மின் அடுப்பை வைத்துச் சோதித்துக் காட்டினேன். விண்கலத்துக்குக் கருவி தெரிவுசெய்யும் வெளிநாட்டுக் குழுவுக்கு அது போதவில்லை. உண்மையான கதிரியக்கச் சூட்டில் நூறு நாள் நில்லாமல் ஓடிய பதிவு வேண்டும் என்றார்கள்.

புளியங்குளத்தில் பழைய இரும்பு சேர்க்கும் முத்துலிங்கத்திடம்தான் கருவிக்கான தகடுகளை எடுப்பேன். ஒருநாள் சாக்கில் சுற்றிய உருளை ஒன்றைக் காட்டினார்.

"சேர், இதைப் பாருங்கோ. மூண்டு நாளாச்சு, சூடு ஆறவே இல்லை. சுத்திவர ஈயம் இருந்தது, அதைக் கழட்டிப்போட்டன்."

எங்கிருந்து வந்ததென்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் கதிர்வீச்சு அளவுமானியோடு போனேன். அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அறிவித்திருக்கலாமே என்கிறீர்கள். அறிவித்திருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆய்வுகூடத்தில் வைக்க முடியாது, அங்கே நாற்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். என் வீட்டில் மகள் பிரியந்தினி இருக்கிறாள். முத்துலிங்கம் வீட்டில் அவரும் மனைவி சுப்பம்மாவும் மட்டும்தான். மின்சாரமும் இல்லை. கருவியை அவர்களுடைய கட்டில் தலைமாட்டில் வைத்து ஒரு விளக்கைத் தொடுத்தோம். உருளையைப் பொருத்தியவர் முத்துலிங்கம், கைவேலை தெரிந்தவர். நான் முற்றத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். கதிரைத் தடுக்கும் அந்த ஈயத்தைத் திரும்பச் சுற்றவில்லை. எடை கூடினால் விண்கலத்துக்கு ஆகாது. விண்கலத்தில் ஆட்களும் இல்லை.

"இனி மண்ணெண்ணெய்க்கு அலையத் தேவையில்லை. சேர் நல்லா இருக்கோணும்" என்றார் சுப்பம்மா.

மழை தொடங்கியதும் ஈரத்துணிகளை அதன்மேல் காயப்போட்டார். அதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்தேன். சூடு அடைபட்டால் அளவுகள் பிழையாகிவிடும்.

மூன்றாம் கிழமை முத்துலிங்கத்தின் விரல்கள் கறுத்தன. பிறகு தலைமயிர் கொட்டியது. அளவெடுக்கப் போனபோது சுப்பம்மா படலையடியில் காத்திருந்தார்.

"சேர், நெருப்பு ஏதும் பட்டதோ எண்டு டாக்குத்தர் கேட்டவர். உந்தப் பெட்டியால ஏதும் வருமோ?"

"இல்லையம்மா. வயலுக்கு மருந்து அடிச்சவரெல்லோ, அதாலதான் இருக்கும். டாக்குத்தரிட்டயும் அப்பிடியே சொல்லுங்கோ."

அப்படியே சொன்னார். அதற்கான வைத்தியமே நடந்தது.

எண்பத்தெட்டாம் நாள் முத்துலிங்கம் இறந்தார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த விளக்கைப் பார்த்து வியந்தார்கள். அன்றைய அளவையும் எடுத்தேன். அதன்பின் சுப்பம்மாவுக்கு வாந்தி தொடங்கியது. இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நூறாவது நாள் முடிந்ததும் நானே அவரைக் காரில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு யாரும் கூட்டிப்போகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். நன்றியுரையில் இருவர் பெயரையும் போட்டிருக்கிறேன்.

முத்துலிங்கத்தைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவர்களை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுத வேண்டாம். இருவரில் ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன்.