மறுமுனை இன்னும் பெட்டியில்தான் இருந்தது

மதியம் இரண்டரை மணி. அனல் அடிக்கிறது. கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டி உள்ளே போகிற சாலை. பாதி கட்டி விட்ட வீடுகள், பூட்டிக் கிடக்கிற வீடுகள். ஆள் இல்லை. நாய்கூட இல்லை. என் சகலை மட்டும் கேபிள் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறார்…

“என்ன மொட்டை மச்சான், மட்ட மத்தியானத்துல பேயா? அதுக்கு அப்போ சாப்பாட்டு நேரமாச்சே!” என்றான் மச்சினன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இது போன சனிக்கிழமை ராத்திரி, எங்கள் வீட்டில். சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். சகலையும் அவர் மனைவியும் மட்டும் பக்கத்து அறையில். அந்தம்மாவுக்குக் காய்ச்சல், மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாள். விளக்கை அணைத்ததும் என் மருமகள்தான் மெதுவாகக் கேட்டாள். புதுசாக வந்த பெண், அவளுக்கு எதுவும் தெரியாது.

“மாமா… பெரியத்தை ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் பெரிய மாமா காதுல ஏதோ சொன்னாங்களே. என்னது அது? அவரு ஏன் இப்படி எலும்பும் தோலுமா இருக்காரு?”

அதனால்தான் ஆரம்பித்தேன். சகலை தொண்ணூறு கிலோ ஆள். பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு மிஞ்சாது. இப்போது ஐம்பத்து மூன்று. எட்டு மாதத்தில். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் ஆள் இருக்க மாட்டார் என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அவருக்கு வீடு வீடாகப் போய் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிற வேலை. பதினெட்டு வருட அனுபவம். ஒரே ஒரு கெட்ட பழக்கம். கேபிளின் மேல்தோலைப் பல்லால் கடித்துத்தான் உரிப்பார். பையில் கருவி இருக்கும், எடுக்க மாட்டார். கேட்டால், “கருவிய மறந்துட்டு வரலாம். பல்ல மறந்துட்டு வர முடியுமா?” என்பார். அந்தத் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான்.

அன்றைக்குப் போன வீட்டில் ஒரு டீச்சர் மட்டும். தனி ஆள். பின் அறையில் உட்கார்ந்து ஆன்லைனில் பாடம் எடுக்கிறவர். ரூட்டர் முன் ஹாலில். பின் அறையில் அந்த சிக்னலைப் பிடித்துக் கொடுக்கிற எக்ஸ்டெண்டர். நடுவில் கனமான சுவர்கள், அதனால் வைஃபை விட்டு விட்டு வருகிறது. சகலை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“காத்துல அனுப்பினா இப்படித்தான் டீச்சர். ரூட்டர்ல இருந்து எக்ஸ்டெண்டருக்கு நேரா ஒரு கேபிள் இழுத்துடலாம். அப்புறம் கட்டே ஆகாது.”

“சுவத்தை உடைக்கணுமா?”

“வேணாம். இதோ, பின் ரூமுக்குப் போற பழைய பைப் ஒண்ணு இருக்கே. வயர்கூட உள்ள இருக்கு. இது எதுக்குப் போட்டது?”

“பெல்லு. மாமா, என் மாமனாரு, அந்த ரூம்லதான் படுத்திருந்தாரு. நாலு வருஷம். கூப்பிடறதுக்காகப் போட்டது” என்றார் டீச்சர்.

பேசும்போதே கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். சகலை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹால் பக்கம் பெல் வயர் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி சுத்தமாக வெட்டியிருந்தது. வேலை சுலபம். புது கேபிளின் நுனியை அந்த வயரின் வாலில் கட்ட வேண்டும். பின் அறைக்குப் போய் வயரை இழுக்க வேண்டும். வயர் வெளியே வர வர, கேபிள் பின்னாலேயே வரும். கட்டினார். போனார்.

பின் அறையில் பினாயில் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை… வெயிலில் வைத்த ஈரத் துணி மாதிரி. கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறம். சுவரில் பெல் பட்டன் இல்லை. பைப்பிலிருந்து வயர் நுனி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நுனி வெட்டினது இல்லை. கடித்தது. கடித்துக் கடித்து… தட்டையாகி, பல் பல்லாக அச்சு.

‘எலியா இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு இழுத்தார்.

முதல் நாலடி ஒழுங்காக வந்தது. அப்புறம் ஈரம். உலர்ந்த சுவர், உலர்ந்த பைப்… ஆனால் வயர் முழுக்கக் கொழகொழவென்று மஞ்சளாக ஏதோ. இழுக்க இழுக்கச் சளக்… சளக்… என்று சத்தம். கையெல்லாம் பிசின். அதில் நரை முடி சுற்றிக்கொண்டு வருகிறது. படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு முதுகில் புண் வருமே, அதில் தடவுகிற களிம்பும் சீழும் மூத்திரமும் கலந்த நாற்றம்.

“போதும் மாமா” என்றாள் மருமகள். மச்சினன் மட்டும், “நீங்க சொல்லுங்க மச்சான், அவ காதைப் பொத்திக்கட்டும்” என்றான். ஆனால் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

இங்கேதான் சகலை அந்தத் தப்பைப் பண்ணினார். கேபிள் நுனி வந்துவிட்டது. அதைப் பேன்ட்டில் ஒரு துடை துடைத்தார். பதினெட்டு வருடப் பழக்கம், யோசித்தா செய்வார்? வாயில் வைத்துக் கடித்து இழுத்தார்.

தோல் வந்தது. கூடவே ஒரு வழவழப்பு நாக்குக்கு அடியில் போனது. முடி ஒன்று கடைவாய்ப் பல்லில் சிக்கியது. துப்பினார். வரவில்லை. விரலை விட்டு எடுக்கப் பார்த்தார்… இழுக்க இழுக்கத் தொண்டைக்குள்ளிருந்து வருகிறது. ஒரு முழம். அங்கேயே வாந்தி. மத்தியானம் தின்றது எல்லாம் அந்த நிறம் மாறிய தரையில்.

வேறு யாராவது ஓடியிருப்பார்கள். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, கேபிள் நுனியில் ப்ளக்கை அழுத்திப் பொருத்தி, எக்ஸ்டெண்டரில் செருகினார். ஆரம்பித்த வேலையை முடிக்கிற ஆள்.

எக்ஸ்டெண்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

அந்த விளக்கு சும்மா எரியாது. கேபிளின் மறுமுனையில் ஏதாவது ஒன்று உயிரோடு செருகியிருந்தால்தான் எரியும். மறுமுனை… இன்னும் ஹாலில், பெட்டிக்குள், சுருளாகக் கிடக்கிறது. வெட்டவே இல்லை. ப்ளக்கே போடவில்லை.

விளக்கு மூன்று தடவை மின்னியது. நின்றது. மறுபடியும் மூன்று.

வாசலில் நின்ற டீச்சர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாராம்.

“மூணு மூணாத்தான் அடிப்பாரு. ராத்திரி பூரா. ஒரு நாளாவது தூங்கணும்னு நான்தான் வயரை வெட்டினேன். அப்புறம் ஒட்ட வைக்கல… ரெண்டு நாள் வெளியூர்ல வேலை. தண்ணி, பிரெட் எல்லாம் வெச்சுட்டுத்தான் போனேன். திரும்பி வந்து கதவைத் தொறந்தா… ஈ.”

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, விளக்கைப் பார்த்துச் சாதாரணமாகக் குரல் கொடுத்தார். அடுப்படியிலிருந்து பதில் சொல்கிற மாதிரி.

“வந்துட்டேன் மாமா.”

விளக்கு நின்று நிதானமாக எரிந்தது.

அன்றிலிருந்து சகலைக்கு எதை வாயில் வைத்தாலும் அந்த ருசி. வைத்ததும் வெளியே வருகிறது. தினமும் காலையில் ஒரு நரை முடி, பல்லில் சுற்றிக்கொண்டு. பல் டாக்டர் அந்தப் பல்லையே பிடுங்கினார். மறுநாள் பக்கத்துப் பல்லில் சுற்றியிருந்தது. அவர் மனைவி எல்லாவற்றையும் ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாள், டாக்டரிடம் காட்ட. டப்பா நிறைந்துவிட்டது.

பெட்டியோடு அங்கேயே விட்டு வந்த கேபிளைப் பிடுங்கிவிடலாம் என்று திரும்பப் போனார். டீச்சர் உள்ளேயே விடவில்லை.

“கரண்ட் போனாக்கூட பின் ரூம்ல நெட் கட்டாகறதில்ல. எனக்கு அதுதான் சோறு. தொடாதீங்க” என்று கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு முன்னால் மட்டும் ஒன்று சொன்னார்: “வேற ஒண்ணும் வேணாம். யாராவது பதில் சொன்னாப் போதும்.”

டீச்சர் விளக்கைப் பார்த்துச் சொன்ன அந்தப் பதிலைத்தான் அவர் மனைவி காதில் சொல்கிறாள், ஒவ்வொரு வாய்க்கும். சொன்னால் அந்த ஒரு வாய் இறங்கும். ஆனால் இப்போதெல்லாம் அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

நான் சொல்லி முடித்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும்.

அப்போதுதான் பக்கத்து அறையிலிருந்து கேட்டது.

டக் டக் டக்.

“மச்சான்… விளையாடாதீங்க” என்றான் மச்சினன்.

“நான் இங்கதானடா இருக்கேன்.”

டக் டக் டக்.

எழுந்து போய்ப் பார்த்தேன். சகலை மல்லாந்து தூங்குகிறார். கண் மூடியிருக்கிறது. பல் மட்டும் பல்லோடு அடித்துக்கொள்கிறது. மூன்று… நிறுத்தம்… மூன்று. கன்னத்துக்குள் ஏதோ நெளிகிற மாதிரி மேலும் கீழும் போகிறது. வாயோரம் மஞ்சளாக வழிந்து தலையணையெல்லாம் ஈரம். அந்த நாற்றம்… நான் சொன்ன அதே நாற்றம். அவர் மனைவியை உலுக்கினேன். மாத்திரை மயக்கம், எழவில்லை.

அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. உதடு நீலமானது. கதவருகே மருமகள் வந்து நின்று, “யாராவது பதில் சொல்லுங்களேன் மாமா!” என்று அழுதாள். மச்சினன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அவள் தானே வாயைத் திறக்கப் போனாள். சின்னப் பெண்.

நான் முந்திக்கொண்டேன்.

“வந்துட்டேன் மாமா.”

சத்தம் நின்றது. சகலை ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்தார். மறுநாள் காலையில் எட்டு மாதத்துக்குப் பிறகு யாரும் ஊட்டாமல், யாரும் காதில் சொல்லாமல், இரண்டு தட்டு சாப்பிட்டார். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. என்னையும் உட்காரச் சொன்னார்கள். பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்குச் சற்று முன்னால்தான் பல் தேய்த்திருந்தேன். பிரஷ்ஷில் ஏதோ சிக்கியது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. நரை முடி, ஒரு முழம்.

என் தலையில் முடி இல்லாமல் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.