ஊற்றியவன் முதலில் எடுக்கக் கூடாது

எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்றுதான் கேட்டேன், மேடம். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பாரில். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். என் ஆய்வுக்கு வழிகாட்டி வேதசிரோமணி சார். "வாசலோட நின்னு விசாரிச்சுட்டு வந்துடும்மா, உள்ள உட்கார இடம் மட்டும் கேக்காதே, காலேஜுக்குக் கெட்ட பேரு" என்றார். அந்த வாசல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. குடித்தவர்கள் எல்லோரும் ஒண்ணுக்குப் போகும் சந்து அது. மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கே நின்று வரலாறு எழுத முடியாது. நின்றுகொண்டு கேட்பவரிடம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எதிரில் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும். இது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. இங்கே ஸ்டேஷனில் நான் கேட்காமலே நாற்காலி போட்டீர்கள்.

நீங்கள் எடுத்தவுடன் ஜெபசீலனைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் இரண்டாவது. முதலில் சவுரிமுத்து அண்ணா. வரிசையாகச் சொல்லாவிட்டால் நான் ஏதோ ஆத்திரத்தில் செய்ததாக எழுதிவிடுவீர்கள். நான் கோபக்காரிதான். ஆனால் வேலை நேரத்தில் கோபப்படுவதில்லை.

என் பெயர் தையல்நாயகி. எம்.ஃபில், வரலாறு. குரோம்பேட்டையில் எங்கள் தெருவில், எங்கள் சொந்தத்தில், கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தாம்பரம் வட்டாரக் குடிக்கடைகளின் வரலாறு என்பது என் தலைப்பு. கோவில், ஏரி, கல்வெட்டு என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்களின் கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குரோம்பேட்டையில் ஒரு பார் இருக்கிறது. சாராயக்கடையாக இருந்தபோது போட்ட கம்பிவலை, பிறகு பிராந்திக் கடையானபோதும் அதேதான், இப்போது அரசாங்கம் கடையை எடுத்து நடத்தும்போதும் அதேதான். கை நுழைக்கும் ஓட்டை மட்டும் தேய்ந்து தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கிறது. அந்த ஓட்டைக்குள் என் தாத்தா கையும் போயிருக்கும். அதைத்தான் எழுத வந்தேன்.

அன்று நான் நாற்காலி கேட்டதும் பார் முழுக்கச் சிரித்தது. "சைடு டிஷ் இன்னா வோணும் மேடம், மிளகா பஜ்ஜியா" என்று ஒருவன் கேட்டான். பாரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சவுரிமுத்து அண்ணா. அறுபது இருக்கும். சர்க்கரையில் ஒரு காலின் விரல்களை எடுத்தவர். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தோள்துண்டால் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். "குந்து பாப்பா. இவனுங்க வாய்க்கெல்லாம் வருத்தப்படாத. பொம்பளன்னு ஒருத்தி இங்க வந்து குந்துனதே இல்ல, அதான் பேஜாராயிட்டானுங்க" என்றார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. கடைசி வரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன்.

கட்டிங் என்றால் என்ன என்று எனக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். கையில் பாதிக் காசு இருப்பவன் கடை வாசலில் இன்னொரு பாதிக் காசுக்காரனைத் தேடுவான். ஊர், பேர், சாதி எதுவும் கேட்பதில்லை. இருவரும் சேர்ந்து ஒரு குவார்ட்டர் வாங்கி இரண்டு கிளாஸில் பிரித்துக்கொள்வார்கள். அதில் ஒரு சட்டம் உண்டு. ஒருவன் ஊற்ற வேண்டும், மற்றவன் முதலில் எடுக்க வேண்டும். ஊற்றியவன் முதலில் எடுக்கக் கூடாது. இப்படி வைத்தால் ஊற்றுபவன் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு சமமாக ஊற்றுவான். நான் படித்த அரசியல் சட்டத்தில் இவ்வளவு சுத்தமான பிரிவு எதையும் பார்த்ததில்லை. ஆய்வேட்டில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே வைத்திருந்தேன்.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேதாசலம். தோல் பதனிடும் ஆலையில் வேலை. எண்பத்தாறில், நான் ஒன்றாவது படிக்கும்போது, தாம்பரத்தில் ஒரு பிராந்திக் கடையில் சோடா பாட்டிலால் அடித்துக் கொன்றார்கள். அம்மா சரசு எனக்குச் சொன்னது இது: அப்பாவுக்குக் குடிப்பழக்கமே கிடையாது. கடைக்காரன் தண்ணீர் கலந்து விற்று ஆலை ஆட்களை ஏமாற்றினான். அதைத் தட்டிக்கேட்க அப்பா போனார், கடைக்காரனின் ஆட்கள் அடித்தார்கள். ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் அம்மா என் தலையில் கை வைத்து, "நியாயம் கேட்டுச் செத்தவன் பொண்ணு நீ" என்பாள். ஃபீஸ் கட்டாததற்காக வகுப்புக்கு வெளியே நின்றபோதும் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். கல்லூரியில் பெரிய வீட்டுப் பெண்கள் என் செருப்பைப் பார்த்துச் சிரித்தபோதும் அதே வாக்கியம்தான். என் டிகிரியே அதன் மேல் கட்டியது. அதை உருவிவிட்டால் மேலே இருப்பது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பார் பாராகப் போய்ப் பேட்டி எடுத்தபோது அந்தக் கொலை அங்கங்கே தலைகாட்டியது. சானடோரியம் பக்கம் ஒருவர், பல்லாவரத்தில் ஒருவர். எல்லோரும் ஒரே மாதிரி ஏதோ கட்டிங் தகராறு என்றார்கள். யாரும் அங்கே நேரில் இருந்தவர்கள் இல்லை. அந்த இடங்களை டேப்பில் அழித்துவிட்டேன். காதில் விழுந்ததைச் சொல்வது சான்று ஆகாது, மேடம். அது ஒழுங்கான ஆய்வுமுறை.

பல்லாவரத்துக்காரர்தான் அடித்தவர் பெயரையும் சொன்னார். சவுரிமுத்து. கொஞ்ச காலம் உள்ளே இருந்தாராம், சாட்சி சொல்ல ஆள் வராததால் வெளியே வந்தாராம். எனக்கு நாற்காலி கொடுத்தவர்.

நான் அவசரப்படவில்லை. அவரிடம் போய், கடை நடக்கும் நாளில் சத்தத்தில் டேப்பில் எதுவும் விழுவதில்லை, மூடியிருக்கும் நாளில் வரட்டுமா என்றேன். வள்ளலார் நாளன்று வரச் சொன்னார். அன்று மது விற்கக் கூடாது. சாவி அவரிடம்தான் இருக்கும், பகலெல்லாம் உள்ளே தனியாகக் கிடப்பார். நான் போனபோது நாற்காலியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தம் வருகிறது என்று சொல்லி ஷட்டரைக் கீழே இறக்கினேன். சத்தத்துக்காகத்தான் இறக்கினேன். பையில் டேப் ரெக்கார்டர், இரண்டு கேசட், மாற்றிக்கொள்ள ஒரு சுடிதார் இருந்தன. வெயில் காலத்தில் நான் எப்போதும் ஒன்று கூடுதலாக வைத்திருப்பேன். அது தை மாதம் என்கிறீர்கள். இருக்கட்டும்.

கட்டிங் பிரிப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். தனக்கென்று ஒளித்து வைத்திருந்த குவார்ட்டரை எடுத்தார். இரண்டு கிளாஸில் பாதிப் பாட்டிலை ஊற்றி என் முன்னால் தள்ளினார். "நீ எடு. குடிக்காங்காட்டியும் பரவால்ல, எடுத்துக் காட்டு." நான் ஒன்றை எடுத்து என் பக்கம் வைத்தேன். அவர் தன்னுடையதைக் குடித்தார். அப்போதுதான் கேட்டேன், இந்தச் சட்டத்தை மீறியதால் எப்போதாவது சண்டை வந்திருக்கிறதா என்று.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பழைய கதை கிடைத்த சந்தோஷம்.

"ஒரு கொலையே விழுந்துகீது பாப்பா. நான்தான் பண்ணேன். தோல் கம்பெனி ஆளு ஒருத்தன். நானும் ஜெபசீலனும் நிக்கிறோம், இவன் வந்து கட்டிங்குக்கு ஆள் கேக்குறான். சரின்னு சேத்துக்கினேன். ஊத்துறேன்னு அவனே வாங்கி ஊத்துனான். ஊத்திட்டு அவனே எடுத்துக்கினான். அதுவும் நெறயக் கீற கிளாஸை. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு."

அவர் வேறு ஏதோ நியாயம் கேட்க வந்ததாகச் சொல்கிறார்களே அண்ணா, என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டேப்பில் நீங்களே கேட்கலாம். இல்லை, அந்த இடம் இப்போது இருக்காது.

"நியாயமா?" என்றார். "ஊறுகா கேட்டான் பாப்பா. கிளாஸைத் தூக்கிக்கினு, கடைக்காரனப் பாத்து, அண்ணே கொஞ்சம் ஊறுகான்னான். அத்தோட முடிஞ்சிது. வோணும்னா ஜெபசீலனக் கேளு. திருமுடிவாக்கத்துல ஒரு லேத் பட்டறையில வாட்ச்மேனாக் கீறான். அவனும் இத்தத்தான் சொல்லுவான்."

பாட்டிலில் மீதி இருந்தது. நான் ஊற்றட்டுமா அண்ணா என்று கேட்டு வாங்கினேன். அவருடைய காலிக் கிளாஸோடு இன்னொன்றையும் எடுத்து வைத்து, ஒன்றில் நிறைய, ஒன்றில் கொஞ்சம் ஊற்றினேன். பிறகு நிறைய இருந்த கிளாஸை நானே எடுத்துக்கொண்டேன்.

அவர் கிளாஸைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதுவரை என் முகத்தை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

"யாரு நீ?" என்றார்.

வேதாசலம் பெண் என்றேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். மேஜைக்கடியில் சோடா பெட்டி இருந்தது. ஒரு பாட்டிலை எடுத்து முட்டியில் அடித்தேன். பேட்டி நடக்கும்போது எழுந்து போவது எனக்குப் பிடிக்காது. பிறகு நல்ல காலிலும் அடித்தேன். அவருடையது ஓட்டை நாற்காலி, சாய்ந்து உடைந்தது. அவரைத் தூக்கி நிமிர்த்தி என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் எனக்குத் துடைத்துக் கொடுத்த நாற்காலி அது, அதனால் நான் வேறு ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, அதே கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். அவர் எதற்காகக் கடைக்கு வந்தார் அண்ணா?

முதலில் அவர் ஊறுகாய் என்றே சொன்னார். பிடிவாதம் இல்லை, பாவம், எனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. கையில் அடித்தேன். மேஜை விளிம்பில் வைத்து அடித்தால் எலும்பு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறது. மறுபடி பின்னுக்கு ஓட்டினேன். தெரியலம்மா என்றார். தெரியாது என்பது பதில் இல்லை. வாயில் அடித்தால் பேச்சு குழறும், அதனால் வாயைத் தொடவில்லை. காதில் அடித்தேன். அது தவறு, அடுத்த கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது பாட்டில் உடைந்ததும் அவர் அழ ஆரம்பித்தார். அழுகை அடங்கும் வரை ரெக்கார்டரை நிறுத்தி வைத்தேன். எனக்கு அவசரம் இல்லை. அவருக்கு ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்துத் திறந்து கொடுத்தேன்.

கடைசியில் சொன்னார். டேப்பில் சுத்தமாக விழுந்திருக்கிறது. "நியாயம் கேட்டாரும்மா. தண்ணி கலக்காதீங்கன்னாரு. அதான் அடிச்சோம். குடிக்க வர்ல அவுரு. நல்ல மனுசன்."

கவனித்தீர்களா மேடம், கேட்டாரு என்கிறார். அதுவரை கேட்டான், எடுத்துக்கினான் என்று பேசியவர். மரியாதை கொடுக்கச் சொல்லி நான் அடிக்கவில்லை. நல்ல மனுசன் என்பதும் அவராகச் சேர்த்ததுதான். உள்ளே இல்லாதது வெளியே வராது.

அடித்து வாங்கியது செல்லாது என்று எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். அடித்து வாங்குவதைப் பற்றி இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவரை உயிரோடு விட்டிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். விட்டிருந்தால் மறுநாள் மாற்றிச் சொல்லியிருப்பார். பாரில் நான் கற்றுக்கொண்டது அது, ஒரே கதையை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றுவார்கள். சொன்ன சொல் அப்படியே நிற்க வேண்டும் என்றால் அதற்குப் பிறகு எதுவும் சொல்லக் கூடாது. தலையில் அடித்தேன். பெட்டியில் இருந்த நல்ல பாட்டில்கள் தீரும் வரை. ரெக்கார்டரைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் செய்தேன், சில்லு தெறித்து கெட்டுவிடக் கூடாது என்று. பிறகு சுடிதாரை மாற்றிக்கொண்டேன். என் பக்கம் எடுத்து வைத்த இரண்டு கிளாஸும் அப்படியே இருந்தன. நான் குடிப்பதில்லை. நிறைய இருந்ததை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். முறை என்று ஒன்று இருக்கிறது.

ஷட்டரைத் தூக்கி வெளியே வந்தபோது நல்ல வெயில். எதிரே குரோம்பேட்டை வழியாகப் போகும் பஸ் நின்றிருந்தது. அம்மா சோறு வடித்துவிட்டுக் காத்திருப்பாள். இந்த டேப்பைக் கொண்டுபோய் அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் ஒரே ஒருவர் வாயை வைத்து வரலாறு எழுதக் கூடாது, இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மாதிரி சொன்னால்தான் சான்று என்று வேதசிரோமணி சார் முதல் நாளே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் நான் மதிக்கும் விஷயம் அது ஒன்றுதான். நடந்துகொண்டே பழைய கேசட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். பஸ் கிளம்பியது, நான் ஏறவில்லை. திருமுடிவாக்கத்துக்கு எது போகும் என்று பூக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன். ஜெபசீலனும் அதையே சொல்லிவிட்டால், நானும் நம்பிவிடலாம்.