ஒரே பயணி, பதினோரு டிக்கெட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் ஆப் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டிக்கெட் போடுவதும் சுலபம், ரத்து செய்வதும் சுலபம், பணமும் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்துவிடும். இந்த ஒரு தடவைதான் வாலட்டுக்கு வந்த பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஒரே பயணி, ஒரே வழித்தடம், ஆறு வருடத்தில் பதினோரு டிக்கெட், அதில் பத்து ரத்து, விளக்கம் தேவை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டது நியாயம்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஐந்தாவது ரத்திலேயே கேட்டிருப்பேன்.

பயணி ஜாஃபர் சாதிக் என் வீட்டுக்காரர். அரபு நாட்டில், தமாமில் ஒரு மளிகைக் கடையில் வேலை. நான் ஹமீதா பானு, கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அவருக்கு ஆப், ஓடிபி எல்லாம் ஓடாது. டிக்கெட் போடுவது என் போனில், என் கையால்தான். வருகிற வியாழக்கிழமைக்குள் அவர் அங்கிருந்து விமானம் ஏறியாக வேண்டும். அதற்கு இந்தப் பணம் வேண்டும். இன்று திங்கள். அதனால் கொஞ்சம் சீக்கிரம் படியுங்கள்.

அவர் வருகிறார் என்று சொன்ன நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும். மாமி, அதாவது அவருடைய தாயார், மூட்டு வலியென்று படுத்தே கிடப்பவர், எழுந்து உட்கார்ந்து நெய்ச்சோற்றுக்கு எந்தக் கடை அரிசி என்று தகராறு செய்ய ஆரம்பித்துவிடுவார். பக்கிரி வெள்ளையடிக்க வாளியோடு வந்து நிற்பார். அடுத்த வீட்டுச் செந்தாமரை, தைலம் இரண்டு பாட்டில், பிஸ்தா அரைக் கிலோ என்று லிஸ்ட் கொண்டு வருவாள். என் மகள் தஹ்மீனா காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துவிட்டு ஒரு ஆட்டம் ஆடுவாள். நான் மருதாணி வைத்த கையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். வயலில் ஓடுகிற அறுப்பு மிஷின் சத்தத்துக்கே கால் தாளம் போடும்.

முதல் டிக்கெட்டில் அவர் வந்தேவிட்டார். வந்து என்ன செய்தார் என்று கேளுங்கள். மதியம் வரை தூங்கினார். தாளிச்சாவில் புளி தூக்கல் என்றார். மோட்டார் ஏன் இப்படிக் கத்துகிறது என்றார். கொல்லை வேலிக்காக அவருடைய அண்ணனோடு ஒரு சண்டை. நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவர் இருந்த நாற்பது நாளும், வருவதற்கு முந்தைய அந்த இருபது நாளுக்கு முன்னால் உறை போடக் காணாது. அவர் திரும்பிப் போனதும் மாமி ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை. தஹ்மீனாவுக்குக் காய்ச்சல்.

இரண்டாவது டிக்கெட்டை ரத்து செய்ய வைத்தது அவருடைய முதலாளி. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது லீவு கிடையாது என்றுவிட்டார். வீடே அழுதது. ஆனால் இரண்டே நாள்தான். நீங்கள் பணத்தைத் திருப்பித் தந்தீர்கள், நான் அடுத்த டிக்கெட்டைப் போட்டேன், மாமி மறுபடி எழுந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வந்தால் ஒரு மாதம் அழுகை. வராவிட்டால் இரண்டு நாள் அழுகை. வரப்போகிறார் என்றால் இருபது நாள் சிரிப்பு. ஒரு குடும்பத்தை நடத்துகிறவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று நீங்களே யோசியுங்கள்.

மூன்றாவதிலிருந்து நான் செய்தேன்.

ரத்துக்குக் காரணம் கேட்கும் இடத்தில் எப்போதும் 'பயணத் திட்டம் மாறியது' என்பதைத் தொட்டேன். குடும்பத்தின் சந்தோஷத்துக்காக என்று ஒன்று உங்கள் பட்டியலில் இல்லை. அவரிடம், "ஏர்லைன்ஸ்காரனே கேன்சல் பண்ணிட்டானாம் மச்சான்" என்பேன். நடுவில் வந்த கொரோனா எனக்கு ரொம்பவும் ஒத்தாசையாக இருந்தது. இரண்டு தடவை நான் ரத்து செய்த பிறகு விமானமே நிஜமாக ரத்தானது, பொய்யே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் கோபப்பட்டதே இல்லை. "என் நஸீபு அவ்ளோதான் ஹமீதா" என்பார். அட்டைப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, மேலே பெரிதாகப் பெயர் எழுதி வைத்திருப்பார். பிறகு அவிழ்ப்பார். ஒரு தடவை, "புள்ளைக்கு வாங்குன சாக்லேட்டெல்லாம் உருகிப் போவுதுன்னு ரூம்ல பசங்களுக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் அந்த மாதிரி சந்தோஷமான ஜோடி.

திருச்சி விமான நிலையத்துக்கு வண்டி எடுக்கும் நெய்னா முகம்மது அண்ணன்தான் கொஞ்சம் கிண்டல் பேர்வழி. நான் போன் செய்தாலே, "இந்தத் தடவையாச்சும் வண்டி தஞ்சாவூரைத் தாண்டுமா தங்கச்சி?" என்பார். அவருக்கும் ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கழுவித் துடைத்து வைப்பதில் ஒரு குஷி. கெடுப்பானேன் என்று நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஏழாவது டிக்கெட் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அன்று பயணம் ரத்தானது, அடுத்த வாரம் வேறு ஒருவருடைய இறப்புச் சான்றிதழும் உங்களுக்கு அனுப்பப்பட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். அனுப்பியது நான்தான். அது மாமியுடையது. பிடித்தம் போக மீதிதான் வரும் என்றீர்கள், சான்றிதழ் இருந்தால் முழுதாக வரும் என்று எங்கேயோ படித்தேன்.

அந்த டிக்கெட்டைச் செவ்வாய்க்கிழமை ரத்து செய்தேன். மாமிக்குச் சொல்லவில்லை, சந்தோஷமாக இருக்கட்டும் என்று. புதன்கிழமை மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை காலை, அவர் வந்து இறங்க வேண்டிய நாள், மாமி தலை வாரிவிடச் சொன்னார். வெள்ளைச் சேலை கட்டிவிடச் சொன்னார்.

"எறங்கிட்டானா?" என்று கேட்டார்.

"எறங்கிட்டாங்க மாமி. வண்டி செங்கிப்பட்டி வந்துருச்சு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். வல்லம் என்றேன். பிறகு தஞ்சாவூர் பைபாஸ். அம்மாப்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள் என்றேன், மாமி சிரித்துக்கொண்டே, "டீன்னா உசுரை விடுவான்" என்றார். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருக்கிறது என்றேன். அதற்குக் கொஞ்சம் பதறினார். கேட்டைத் திறந்துவிட்டேன். திருவாரூர் வரைக்கும் கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் மாமி கேட்கவில்லை.

வாசலைப் பார்த்தபடி, முகம் மலர்ந்து மவுத்தானார். எத்தனை பேருக்கு அப்படி ஒரு முடிவு வாய்க்கும்? பிற்பாடு நேரத்தைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் ரத்து செய்யாமல் இருந்திருந்தால் அந்த நேரத்துக்கு அவர் நிஜமாகவே திருவாரூரில்தான் இருந்திருப்பார். ஐந்து நிமிடம்கூடப் பிசகவில்லை. அடக்கத்தை அவர் வீடியோவில் பார்த்தார்.

மாமி போன பிறகு வீட்டில் களை கொஞ்சம் குறைந்தது உண்மை. தஹ்மீனாவுக்கு இப்போது பதினைந்து வயது. பத்தாவது டிக்கெட் போட்டு, "அத்தா வர்றாங்க" என்றபோது அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரே ஒரு தடவ வந்துட்டுத்தான் போவட்டுமேம்மா" என்றாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது, அந்தப் பயம்.

இனி பதினோராவது டிக்கெட். இது நான் போட்டது அல்ல. அவர் வேலையை விட்டுவிட்டு, நாட்டை விட்டு வெளியேறும் எக்ஸிட் தாளை அடித்து வாங்கி, ஒரேயடியாக ஊருக்கு வரக் கிளம்பியிருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை, திடீரென்று வந்து நிற்க ஆசையாம். கூட இருக்கும் ஆஸிம் என்ற பையனிடம் கையில் இருந்ததெல்லாம் கொடுத்து டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே மின்னஞ்சல் என் போனில் இருப்பது. அந்த மின்னஞ்சலில் இருக்கும் உங்கள் ஆப் கணக்கு என்னுடையது, டிக்கெட் அதற்கே வந்தது, கிளம்புவதற்கு முந்தின நாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளையடிக்கவில்லை. செந்தாமரை லிஸ்ட் தரவில்லை. என் கையில் மருதாணி இல்லை. எங்கள் இருபது நாளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒரு மனிதர் வந்து வாசலில் நிற்பாராம். முறையாகச் சொல்லிவிட்டு வரட்டும் என்றுதான் அந்த டிக்கெட்டை ரத்து செய்தேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

மறுநாள் ஆஸிம் அழைத்தான். "ஏர்போர்ட்ல டிக்கெட்டே இல்லேன்னுட்டாங்கக்கா. அண்ணன் பொட்டி மேலயே உக்காந்திருக்காங்க, எந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க" என்றான். பிறகு நிதானமாக விளக்கினான். எக்ஸிட் தாள் வியாழக்கிழமையோடு முடிகிறது. கடை ரூமையும் காலி செய்தாயிற்று. அதற்குள் ஏறாவிட்டால் போலீஸ் பிடித்து உள்ளே வைப்பார்கள், எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவரிடமும் காசில்லை, ஆஸிமிடமும் இல்லை. இருப்பது உங்கள் வாலட்டில் நிற்கும் பணம்தான்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பத்து ரத்தில் ஒன்பது என் கை செய்தது. பயணிக்கு இது எதுவும் தெரியாது, அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பணத்தை இன்றே விடுவித்தால் இன்றே வியாழக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போடுகிறேன், அவர் வந்துவிடுவார். பக்கிரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், வாளியோடு வந்துகொண்டிருக்கிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்பாக வருகிறது, கை நிற்கவில்லை. மூன்றே நாள்தான் இருக்கிறது என்பது மட்டும் ஒரு குறை. மூன்று நாள் எதற்குப் போதும்?

ஒரே ஒரு சந்தேகம், அதற்கும் பதில் எழுதுங்கள். அந்த வியாழக்கிழமை டிக்கெட்டுக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டுமென்றால், புறப்பட எத்தனை மணி நேரம் இருக்கும்போது ரத்து செய்ய வேண்டும்?