முப்பத்தாறு பொம்மைக்குச் சட்டை

— அந்த ரோஸ் பெயின்ட் ட்யூப மூடி வையிங்க யக்கா. எத்தன தடவ சொல்லுதது. மனுசத் தோலுன்னு எந்தச் சீமைக்காரனோ அதுமேல எழுதி வச்சிருக்கான். நம்ம கம்பெனி லைன்ல எவனுக்கு அந்த நெறம் இருக்கு?

— நான் அத்த தொடவே இல்ல கொம்பையா. சாப்ட்டதுல இருந்து நீதான் தட்டுல அத்தயும் இத்தயும் போட்டுக் கொயப்பிகினு கீற. ஒரு பொம்ம கூட முடிஞ்ச பாடில்ல. நாளிக்கு காலைல ஏழு மணிக்கு கம்பெனி வண்டி வந்து நிக்கும்.

— தெரியும்.

— இன்னா தெரியும். முப்பத்தாறு பொம்ம. ஒண்ணு கூட ஒரு வெரல் ஒசரம் இல்ல. புது ஷெட்டு மாதிரின்னு தெர்மாகோல்ல கட்டி வச்சிகிறாங்க, அதுக்குள்ள இதுங்கள நிக்க வைக்கப் போறாங்க. வெளிநாட்டு மொதலாளிங்க கண்ணாடி போட்டுகினு குனிஞ்சி பாத்தாலும் மூக்கு எது வாய் எதுன்னு தெரியாது. அதுக்கு இவ்ளோ பேஜாரு.

— சின்ன உருப்படிக்குத்தான் யக்கா பாடு சாஸ்தி. உள்ள நெறத்த அப்படியே அடிச்சா, தள்ளி நின்னு பாக்கையில கரிக்கட்டையாட்டம் தெரியும். நெசத்த விட ஒரு படி வெளுப்பா அடிச்சாத்தான் கண்ணுக்கு நெசமா இருக்கும். அதுக்குத்தான் காவியில வெள்ளையக் கூட்டுதேன், கொறைக்கேன்.

— பெட்டில இருவத்தினாலு கலர் கீது. எல்லாத்தயும் ஓரங்கட்டிட்டு அஞ்சே அஞ்சு ட்யூப வச்சிகினு மல்லு கட்டற.

— அஞ்சு போதும். வெள்ளை, மஞ்சக்காவி, செங்காவி, கருப்பு, நீலம். இருவத்தினாலையும் பிதுக்குனா ஒவ்வொரு பொம்மையும் ஒவ்வொரு தேசத்துக்காரன் மாதிரி நிக்கும். இந்த அஞ்சுல இருந்தே எல்லாம் வந்தாத்தான் ஒரே ஷெட்டுல வேல பாக்குத ஆளுகன்னு தோணும். சங்கரன்கோவில்ல போர்டு எழுதிட்டுத் திரிஞ்சப்பவே கண்ட பாடம்.

— செரி, உன் பாடத்த நீயே வச்சிக்கோ. வெல்டிங் மிசினாண்ட நிக்கிறது எங்க வூட்டுக்காரு தான?

— பொம்மைக்கெல்லாம் பேரு கெடையாது யக்கா.

— ஏழு வருசமா மாரின்னு ஒர்த்தரு அங்கதான் நிக்கிறாரு. அப்ப அது அவருதான். வெளுப்பா கிளுப்பா அடிச்சி வைக்காத, எனக்கே ஆளு அடையாளம் தெரியாம பூடும்.

— மாரி அண்ணனுக்கு நல்ல காவியாவே அடிக்கேன். போதுமா.

— மூஞ்சி கெடக்கட்டும், சட்டைய ஆரம்பி. ஒரகடத்துல அந்த ஷெட்டு தொறந்தா நம்ம லைன் மொத்தமும் பர்மனன்ட்டு, நீலச் சட்டன்னு பிள்ளைப்பாக்கம் பூரா சொல்லிட்டு வந்துட்டேன். பென்னலூர்ல எங்க நாத்தனாருக்கும் சொல்லியாச்சி. காண்ட்ராக்ட்டுன்னு குடுத்த அந்த சாம்பல் சட்டய ஏழு வருசமா தொவைச்சி தொவைச்சி என் கை தேஞ்சி போச்சி.

— மொத்த லைனுக்கும்னு யாரு சொன்னா?

— எச்.ஆர். சாருதான். அவரு ரூம்ப பெருக்கறப்ப சொன்னாரு. அன்னிக்குத்தான் பொம்மைக்கு பெயின்ட் அடிக்க மெட்ராஸ்ல இருந்து ஆள் இட்டாரணும்னு போன்ல பேசிகினு இருந்தாரு. எங்க வூட்டு பின்ரூம்ல வாடகைக்கு கீற புள்ள நல்லா போடும் சார், உங்க லைன்லயே வேல செய்யிதுன்னு நான்தான் எடுத்துச் சொன்னேன். நான் வாங்கிக் குடுத்த வேல இது, ஞாபகம் வச்சிக்கோ.

— ஞாபகம் இருக்கு.

— அப்ப நீலத்த பிதுக்கு.

— பொறுங்க.

— இன்னாத்த பொறுக்கறது. எனாமல் டப்பா வாங்கி அடிச்சிருந்தா இந்நேரம் காஞ்சி பூட்டிருக்கும். நீ ஆயில் பெயின்ட்ட எடுத்துகினு ஒக்காந்துட்ட. ஈரத்தோட வண்டில ஏத்தினா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிகினு வரும்.

— நானா கேட்டேன் ஆயிலு. எதுல அடிச்சா ரெண்டு நா கழிச்சும் தொடச்சிட்டு வேற கலர் போடலாம்னு எச்.ஆர். சாரு கேட்டாரு. ஆயில்னு சொன்னேன். மறுநாளே பெட்டி வந்துட்டு.

— தொடைக்கறதா? போட்ட சட்டைய இன்னாத்துக்கு தொடைக்கணும்?

— கைய எடுங்க, டர்ப்பன்டைன் கொட்டிரும்.

— பேச்ச மாத்தாத. தட்டு ஓரத்துல அது இன்னா கொயப்பி வச்சிகிற? சாம்பலு. எலுமிச்சம்பயம் கணக்கா உருட்டி வச்சிகிற. நீல ட்யூபு மூடியே தொறக்கல. தாள் குடுத்தாங்க இல்ல, எது எது இன்னா கலருன்னு? அத்த எடு.

— அதுல என்ன இருக்கு யக்கா.

— எனக்குப் படிக்கத் தெரிஞ்சா உன்ன ஏன் கேக்கறேன். படி.

— சாம்பல் சட்டை முப்பத்தொண்ணு. நீலச் சட்டை அஞ்சு. கடைசி முடிவு வார வரைக்கும் கலர் மாறும்னு கீழ போட்டிருக்கு.

— அஞ்சு.

— ஆமா. வாரவுக பாத்துட்டு அஞ்சே சாஸ்தின்னு சொன்னா, அதுலயும் தொடைக்கணும்.

— எப்ப குடுத்தாங்க இத்த?

— வெள்ளிக்கெழம.

— இன்னிக்கு ஞாயித்துக்கெயம. மூணு நாளா எங்க வூட்டு அடுப்புல வெந்தத துன்னுட்டு, காவி, வெள்ளை, தோலுன்னு எனக்குக் கத சொல்லிகினு இருந்திருக்க. இந்த ஒண்ணு மட்டும் வாயில வரல.

— சாம்பல எடுத்து அடிக்கக் கை வரல யக்கா. அதான் மொகத்தையே திருப்பித் திருப்பி அடிச்சிட்டுக் கெடந்தேன். அதுக்கு மேல என்னால என்ன செய்ய முடியும், சொல்லுங்க.

— உன் கைய அப்புறம் பாக்கலாம். அந்த அஞ்சு பேரு யாரு?

— பொம்மைக்குப் பேரு கெடையாதுன்னு சொன்னேம்லா.

— பொம்மைக்கு இல்ல, ஆளுக்கு கீது. வெள்ளிக்கெயம மத்தியானம் நான் அந்த ஆபீஸ் வாசல்லதான் தொடப்பத்தோட நின்னுகினு இருந்தேன். நெல்லையப்பன் உள்ள போய்ட்டு வந்தான். ராமன் போனான். அந்த மணிமங்கலத்துப் பசங்க ரெண்டு பேரு போனாங்க. லோன் விசயமா இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் நீ போன, அது இந்தப் பொம்ம விசயம். அதோட கதவ மூடிட்டாங்க. நாலுதான ஆச்சி.

— யக்கா.

— எங்க வூட்டுக்காரு அன்னிக்கு நைட் ஷிப்ட்டு, வூட்ல தூங்கினு இருந்தாரு. ஆள் இல்லாததால கூப்டல, அவ்ளோதான். சீனியாரிட்டி பாத்தா லைன்ல மொத ஆளே அவருதான். நாளிக்கு கூப்புடுவாங்க. இல்ல? சொல்லுபா, அந்த அஞ்சாவது யாரு?

— பர்மனன்ட்டு லிஸ்ட்டுல அஞ்சாவதா டைப் அடிச்சிருந்தது மாரி அண்ணன் பேருதான் யக்கா. பொம்மை வேலைய நீ செஞ்சி குடுக்கியான்னு எச்.ஆர். சாரு கேட்டாரு, சரின்னேன், அந்தப் பேர கோடு போட்டு அடிச்சிட்டு மேல என் பேர எழுதுனாரு, நானும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்தேன்.