சுக்கான் பிடிக்கிறவர்

நேசராஜா: ...அப்ப, அரபுக் கப்பல்காரரோடை வந்து இறங்கின சொல்லு உது, பியாட்றிஸ். சுக்கான். வள்ளத்தைத் திருப்புற பின்பலகைக்குத்தான் முதல்முதல்...

பியாட்றிஸ்: சொல்லு வந்து இறங்கினது கிடக்கட்டும். நாங்கள் எங்கை வந்து இறங்கியிருக்கிறம் எண்டு பாத்தனீங்களோ?

நேசராஜா: றோட்டு ஓரத்திலை.

பியாட்றிஸ்: வேலிக்குள்ளை! மொறிஸ் மைனர்க் காரின்ரை மூக்கு ஆரின்ரையோ வளவுக்குள்ளை. என்ரை மடியிலை வேலிக் கிளுவங்கொப்பு.

நேசராஜா: பதறாதையும். உடுவில் கூட்டத்துக்கு இன்னும் நேரம் கிடக்கு. பேச்சை ஒருக்கா முழுக்கச் சொல்லிப் பாத்தனெண்டால்...

பியாட்றிஸ்: பேசிப் பேசித்தானே வேலிக்குள்ளை விட்டனீங்கள்!

நேசராஜா: சிங்களத்திலையும் சுக்கானமதான். வள்ளத்துக்கும் அதுதான், காருக்கும் அதுதான். எங்கடை ஐயா ஒருநாளும் ஸ்ரேறிங் எண்டு சொன்னதில்லை. “சுக்கானை இறுக்கிப் பிடியடா நேசன்” எண்டுதான்...

பியாட்றிஸ்: றோட்டைப் பாரடா நேசன் எண்டு சொல்லேல்லையோ?

கனகலிங்கம்: ஆரப்பா அது வேலியாலை... ஐயோ, நேசராஜா மாஸ்ரர்! படலை அங்காலையெல்லோ கிடக்கு!

நேசராஜா: ஆர், கனகலிங்கமோ? நல்லதாப் போச்சு. உம்மடை வேலிக்குக் கீழை என்ன கல்லு?

கனகலிங்கம்: சுண்ணக்கல்லு. கிணறு வெட்டி என்ரை நாரி முறிஞ்சது உதாலைதான். ஏன் மாஸ்ரர்?

நேசராஜா: சுண்ணாம்பு சுடுற கல்லுக்கும் சுக்கான் எண்டு பேர் இருக்கு ஐசே. ஆனால் அது கப்பலிலை வந்ததில்லை, வேறை வழி. ரெண்டையும் ஒண்டெண்டு சொல்லுறவன்...

பியாட்றிஸ்: தம்பி, உவர் கல்லைக் காட்டி வேலியை மறைக்கிறார்.

கனகலிங்கம்: வேலி கிடக்கட்டும் அக்கா. கதியால் தடியைத் திரும்ப நட்டால் முளைக்கும். எனக்கு விளங்காதது என்னெண்டால், போன கிழமைதான் தார் ஊத்திக் காப்பற் போட்ட றோட்டு. பள்ளம் திட்டி ஒண்டும் இல்லை. இதிலை வந்து... போன மாசம் சோமசேகரத்தின்ரை வேலியும் இப்பிடித்தானே...

பியாட்றிஸ்: என்னது?

நேசராஜா: கனகலிங்கம், உமக்கு வேறை வேலை இல்லையோ?

கனகலிங்கம்: இப்ப இருக்கு மாஸ்ரர். வேலி அடைக்கிற வேலை.

பியாட்றிஸ்: சோமசேகரத்தின்ரை வேலியை மாடு முறிச்சதெண்டெல்லோ சொன்னனீங்கள்!

நேசராஜா: மாடும் ஒண்டு நிண்டது...

பியாட்றிஸ்: சரி. உந்தப் பேர்ப்பலகைப் போட்டிலை என்ன எழுதிக் கிடக்கு? வாசியுங்கோ.

நேசராஜா: எந்தப் போட்டு?

பியாட்றிஸ்: உங்கடை மூக்குக்கு முன்னாலை நிக்கிறது.

நேசராஜா: வெய்யில் கண்ணுக்குள்ளை அடிக்குது.

கனகலிங்கம்: மாஸ்ரர், மழை இருட்டிக்கொண்டெல்லோ நிக்குது.

நேசராஜா: நீர் வாயை மூடும் ஐசே!

பியாட்றிஸ்: அவரை ஏன் ஏசுறியள்? கோயிலிலை பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு உரத்துப் பாடினியளே, அண்டைக்கே எனக்குத் தெரியும். இறங்கி இஞ்சாலை வாங்கோ. சுக்கானை என்னட்டைத் தாங்கோ.

நேசராஜா: உம்மட்டையோ? உமக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது!

பியாட்றிஸ்: சைக்கிள் தெரியாதுதான். காருக்கு லைசென்ஸ் இருக்கு.

நேசராஜா: ஆர்... ஆர் பழக்கினது?

பியாட்றிஸ்: உங்கடை மருமோன் றோகான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் குறட்டை விடேக்கை.

நேசராஜா: என்ரை காரிலையோ!

பியாட்றிஸ்: பின்னை? கிளச்சு தேஞ்சது தன்ரை பாட்டிலையோ?

நேசராஜா: நான் மெக்கானிக் இன்னாசித்தம்பியைப் பிடிச்சுக் கிழிகிழியெண்டு கிழிச்சனானே!

பியாட்றிஸ்: பாவம் அவன். எல்லாம் தெரிஞ்சுகொண்டு வாய் திறக்காமல் ஏச்சு வாங்கினவன்.

நேசராஜா: கண் தெரியேல்லையெண்டு தெரிஞ்சால் அண்டைக்கே கேட்டிருக்கலாமே?

பியாட்றிஸ்: கேட்டால் காரை விட்டிடுவியள். காரை விட்டால் நீங்கள் வீட்டு வாசலுக்கும் வரமாட்டியள். எனக்குப் பயமாக் கிடந்துது... அதுதான் முதல் நான் பழகினது.

நேசராஜா: சுக்கான் கையை விட்டுப் போனால் நான் ஆர் பியாட்றிஸ்? கொடிகாமம் சந்தைக்குப் போற கத்தரிக்காய்ச் சாக்கு.

பியாட்றிஸ்: வாய் இருக்கிற சாக்கு. பக்கத்திலை இருந்து பேச்சைச் சொல்லிக்கொண்டு வாங்கோ, நான் ஓடுறன்.

கனகலிங்கம்: தள்ளட்டோ அக்கா?

பியாட்றிஸ்: பொறும் தம்பி. இஞ்சேருங்கோ, இவ்வளவு நாளும் எதிரை வாற சைக்கிள்காரர் என்ன செய்தவை?

நேசராஜா: என்ரை காரின்ரை சத்தம் கேட்டால் அவையே இறங்கி ஓரமா நிப்பினம். நல்ல மரியாதை.

பியாட்றிஸ்: கடவுளே! அப்ப வளைவு? இவ்வளவு வளைவும் என்னண்டு திருப்பினனீங்கள்?

நேசராஜா: குழியாலை. வலப்பக்கச் சில்லு பெரிய குழியிலை விழுந்தால் இடக்கைப் பக்கம் ஒடிக்க வேணும். ரெண்டு சின்னக் குழி அடுத்தடுத்து வந்தால் வலக்கைப் பக்கம். எல்லாம் பாடம்... போன மாசம் சோமசேகரத்தின்ரை ஒழுங்கைக்குக் காப்பற் போட்டாங்கள், இப்ப கனகலிங்கத்தின்ரை றோட்டுக்கும் போட்டிட்டாங்கள். அறுவார், என்ரை கண்ணிலை தாரை ஊத்திப்போட்டாங்கள் பியாட்றிஸ்!