பூசாரி காவல் காத்த மணிப்புல்

நொச்சிப்பள்ளத்து ஏரிக்கு மதகு கட்டாத காலம் அது. அந்த ஊரில் காளியண்ணன் என்றொரு பூசாரி இருந்தாராம். ஒருநாள் அம்மன் கழுத்திலிருந்த வெண்மணிச் சரத்தைக் காணவில்லையாம். அன்றிலிருந்து அவர் எல்லோர் கழுத்தையும் பார்த்தாராம். மலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருதக்காள் கழுத்தில் கண் நின்றுவிட்டதாம். அவள் போட்டிருந்ததும் வெண்மணிச் சரம்.

"ஏது அம்மிணி இது?"

"எங்க மலையில புல்லுல வெளையுதுங்க."

"புல்லுல மணி வெளையுமா? வெளைஞ்சாலும், துளை போட்டது ஆரு?"

"துளையோடயே வெளையுதுங்க."

ஊரே சிரித்ததாம். புருஷனும் தலைகுனிந்தானாம். திருடியைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதென்று பேச்சு முடிந்தபோது, அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கோக்காத ஐந்து விதைகளை நீட்டினாளாம்.

"வெதைச்சுப் பாருங்க. தையில மணி வெளையும். பொய்யின்னா நானே போயிடறேன்."

ஆடியில், ஏரிக்கரையில், பூசாரியே விதைத்தாராம். சுற்றிலும் முள்வேலி போட்டாராம்.

"நீ கிட்ட வரப்படாது. வந்தா மணியைக் கட்டிவிட்டிருவே."

"வரலைங்க. காயாம மட்டும் பாத்துக்கங்க."

புரட்டாசியில் மழை பொய்த்ததாம். பயிர் காய்ந்தால், "பூசாரிதான் கொன்னாரு" என்பாளே! அந்தச் சந்தேகத்தில் அவரே குடம் குடமாய்ச் சுமந்தாராம்.

"ஏனுங்க பூசாரி, தண்ணி அம்மனுக்கா, அம்மிணிக்கா?" என்று ஊரார் கேலி பேசினார்களாம்.

கார்த்திகையில் பச்சை மணிகள் தலைகாட்டின. யாரும் மாற்றிவிடாதபடி ஒரு கதிரில் மஞ்சள் நூல் கட்டி, காலையும் மாலையும் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாராம். தையில் மணி வெளுத்துப் பளபளத்தது. ஊர் கூடிநிற்க, நூல் கட்டிய கதிரை அவரே ஒடித்தாராம். மணியின் நுனியில் நீட்டியிருந்த காம்பை உருவினாராம். மணியை வெயிலுக்கு நேரே பிடித்தார். ஊசிமுனையளவு வெளிச்சம் கண்ணில் பட்டதாம்.

"துளை இருக்குது," என்றாராம்.

மருதக்காள் அப்போதும் விடவில்லையாம். "நல்லாப் பாருங்க. மத்ததையும் பாருங்க. ஒண்ணு நான் செஞ்சதா இருக்கப் போவுது."

காணாமற்போன சரம் இன்றுவரை கிடைக்கவில்லை. எடுத்தவர் யாரென்றும் தெரியாது. அம்மனுக்கு இப்போது புல்மணிச் சரந்தான். அந்தக் கரைக்குப் பூசாரிக் கரை என்று பெயர். அங்குள்ள புல்லுக்குப் பூசாரி வீட்டார்தான் தண்ணீர் சுமக்க வேண்டும். தைமாதம் அந்த வீட்டு மூத்தவர் ஒவ்வொரு மணியையும் வெயிலுக்குப் பிடித்து, "துளை இருக்குது" என்று சொன்ன பிறகே கோப்பார்கள். அவர் சொல்லும்போதெல்லாம், அவ்வாண்டு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் எதிரே நின்று சொல்வார்கள்:

"இன்னொருக்காப் பாருங்க."

அவரும் பார்த்தாக வேண்டும்.